மூன்று கிலோ நாயும் நாய்தான்

பொமரேனியன், ஷீட்சு, பக், டாக்ஸ்ஹண்ட், சிவாவா போன்ற சிறு இன நாய்களில் பெரும்பாலானவை முழுதாக வளர்ந்தாலும் 10 கிலோவைத் தாண்டாது. சிவாவா 3 கிலோவுக்குள் நின்றுவிடும். கைக்கு அடக்கமான இந்த உருவமே அவற்றின் பயிற்சிக்கு முதல் தடை. லாப்ரடார் ஒன்று விருந்தாளியின் மேல் பாய்ந்தால் அன்றைக்கே வீட்டில் பேச்சு எழும்; அதையே பொமரேனியன் செய்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அது உறுமினால் "கோபத்தைப் பாரேன்" என்று கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். ஆஸ்திரிய ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிறு நாய்கள் சொல் கேட்பது குறைவாகவும் படபடப்பும் சீற்றமும் அதிகமாகவும் இருப்பது தெரியவந்தது. அவற்றை வளர்ப்பவர்கள் பயிற்சிக்குக் குறைந்த நேரமே ஒதுக்குவதும், ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் நடந்துகொள்வதும் அதே ஆய்வில் பதிவாயின. சிறு நாயின் முரட்டுத்தனத்தில் வளர்ப்பு முறைக்கும் பங்கு உண்டு.

குட்டி பிறக்கும்போது அதன் கண்ணும் காதும் மூடியிருக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். சில நாள் பின்னே காது கேட்கத் தொடங்கும். மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம்தான் நாயின் வாழ்வில் மிக முக்கியமானது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம் எது என்பதை உலகுக்கு விளக்கியது அந்த உழைப்பே. அதே ஆய்வகத்தில் நடந்து 1961-ல் வெளியான ஒரு சோதனையில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல ஆட்களைக் கண்டு அஞ்சி ஓடின.

அதற்காக ஒரு மாதக் குட்டியை வாங்கி வருவது சரியாகாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் எட்டு வாரமாவது இருந்தால்தான் கடியின் அளவு, விளையாட்டின் எல்லை ஆகியவற்றை அது கற்கும். ஒரு குட்டி அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சிட்டு விளையாட்டை விட்டு விலகிவிடும். அதுதான் முதல் பாடம். இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. ஆகவே வீட்டுக்கு வரும் நாளில் குட்டிக்கு அந்தப் பருவத்தில் மிச்சமிருப்பது ஏறத்தாழ ஒரு மாதம்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாதம் வரை தொடரும். அது முடியும்வரை குட்டியை வெளியே காட்டவே கூடாது என்று பல வீடுகளில் அடைத்து வைக்கிறார்கள். நான்கு மாதம் முடிந்து முதன்முறையாகத் தெருவைப் பார்க்கும் குட்டிக்கு ஆட்டோவும் குடையும் அந்நியரும் பேயாகத் தெரிவதில் வியப்பில்லை. தெருநாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கிவிடாமல், கையில் ஏந்தியபடி வாசலில் நின்று உலகத்தைக் காட்டலாம். மிக்ஸி ஓசை, பிரஷர் குக்கர் விசில், தலைக்கவசம் அணிந்தவர், தடி ஊன்றி நடக்கும் தாத்தா, சீருடைப் பிள்ளைகள் என ஒவ்வொன்றையும் சிறிது தூரத்தில் இருந்து பார்க்கவும் கேட்கவும் விட்டு, கூடவே ஒரு துண்டுத் தின்பண்டம் தர வேண்டும். குட்டி பின்வாங்கினால் தூரத்தை அதிகப்படுத்த வேண்டும்; பிடித்துத் தள்ளக் கூடாது. தீபாவளி வெடிச்சத்தத்துக்கும் இப்படியே, பதிவு செய்த ஓசையை மிகக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டுப் பழக்கலாம்.

பயிற்சியின் அடிப்படை எளிது. எட்வர்ட் தார்ண்டைக் 1898-ல் பூனைகளைப் பெட்டியில் வைத்துச் செய்த சோதனைகளில், இன்பமான பலன் தரும் செயலை விலங்கு மறுபடி செய்யும் என்று கண்டார். நாய்க்குட்டிக்கும் அதுவே விதி. ஆனால் பலன் செயலை ஒட்டி வர வேண்டும். உட்கார்ந்த அடுத்த நொடியில் தின்பண்டம் வந்தால், உட்கார்ந்ததற்குப் பலன் என்று குட்டிக்குப் புரியும். டப்பாவைத் தேடி எடுத்துத் திறப்பதற்குள் அது எழுந்து குதித்திருந்தால், குதித்ததற்குப் பலன் கிடைத்ததாகவே அது எடுத்துக்கொள்ளும்.

தின்பண்டத்தின் அளவில் சிறு நாய்க்குத் தனிக் கணக்கு. 3 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி. பரிசாகத் தருவது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டே அந்த அளவை நிரப்பிவிடும். வேகவைத்த கோழி, முட்டை, கேரட் ஆகியவற்றைத் துவரம்பருப்பு அளவில் நறுக்கி வைத்துக்கொண்டால் இருபது முறை பரிசு கொடுத்தாலும் வயிறு கெடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பெரிய நாயை அதிகம் பாதிக்காத அளவுகூட 2 கிலோ குட்டியின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

"உட்கார்" என்ற சொல்லைக் கற்பிக்கக் குட்டியின் முதுகை அழுத்த வேண்டியதில்லை. தின்பண்டத்தை மூக்கருகே காட்டி, மெல்ல உச்சந்தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், தலை நிமிரும்போது பின்புறம் தானாகத் தரையைத் தொடும். தொட்டவுடன் பரிசு. பத்து இருபது முறை இது நடந்த பிறகு சொல்லைச் சேர்க்கலாம். பயிற்றுபவர் தரையில் அமர்ந்துகொள்வது நல்லது. நின்றபடி குனியும் மனிதர் 20 சென்டிமீட்டர் உயரக் குட்டியின் கண்ணுக்கு மலைபோலத் தெரிவார். ஒரு வேளைப் பயிற்சி மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நாளுக்கு நான்கைந்து முறை செய்யலாம். மற்ற நேரத்தில் குட்டி தூங்கட்டும். இந்த வயதில் அது ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்குவது இயல்பு.

"வா" என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை காக்க வேண்டும். குளிப்பாட்டவோ திட்டவோ கூப்பிட்டால், அடுத்த முறை குட்டி வராது. வந்தால் எப்போதும் நன்மையே நடக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டுமென்றால் குட்டி இருக்கும் இடத்துக்குப் போய்த் தூக்கி வரலாம்.

சொல் எந்த மொழியில் இருந்தாலும் நாய்க்கு ஒன்றே. ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "சிட்" என்றும் அம்மா "உட்காரு" என்றும் பாட்டி "உக்காருடா கண்ணு" என்றும் சொல்லும் வீட்டில் குட்டி மூன்று பாடங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. சொற்களை ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது பலன் தரும் வழி.

சொல்லைப் போலவே விதியும் ஒன்றாக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் குட்டி காலைப் பிறாண்டிக் கேட்கிறது. யாரும் கொடுப்பதில்லை. பத்தாவது நாள் தாத்தா மனம் இளகி ஒரு விள்ளல் இட்லி போடுகிறார். அந்த ஒரு விள்ளல் ஒன்பது நாள் உழைப்பையும் அழித்துவிடும். எப்போதாவது, எதிர்பாராமல் கிடைக்கும் பலன், நாள்தோறும் கிடைக்கும் பலனைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. பத்து நாள் காத்திருந்தால் இட்லி கிடைக்கும் என்று கற்ற நாய், அடுத்த முறை இருபது நாளும் காத்திருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் தலைவலி தருவது கழிப்பிடப் பயிற்சிதான். சிறு குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரமே பகலில் ஒரு குட்டி அடக்கக்கூடிய அதிகபட்ச நேரம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. சிறு இனங்களுக்கு அதிலும் குறைத்தே எண்ண வேண்டும். தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன், சாப்பிட்ட கால் மணி அரை மணிக்குள் என இந்த நேரங்களில் தவறாமல் ஒரே இடத்துக்கு அழைத்துப் போய், "மூச்சா போ" என்பது போன்ற ஒரே சொல்லைச் சொல்லி, முடித்த இடத்திலேயே பரிசு தர வேண்டும். உள்ளே வந்த பிறகு தருவது வீண். குட்டி தரையை முகர்ந்து வட்டமடித்தால் தாமதிக்காமல் தூக்கிச் செல்ல வேண்டும்.

அடுக்ககத்தில் மாடியிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்குவது இயலாது. பால்கனியில் செயற்கைப் புல் பதித்த தட்டு வைப்பது நல்ல ஏற்பாடு. செய்தித்தாளில் பழக்கினால், பின்னாளில் தரையில் விரித்த நாளிதழெல்லாம் அதற்குக் கழிப்பிடமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயிறு நனையும் ஈரத் தரையில் கால்வைக்கப் பல சிறு நாய்கள் மறுக்கும். அந்த மாதங்களில் இந்தத் தட்டு பெரிய உதவி.

இடம் தவறிப் போனால் மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் கொடுமை, பயனும் இல்லை. ஐந்து நிமிடம் முன் நடந்ததற்கு இப்போது விழும் அடியைக் குட்டியால் இணைத்துப் பார்க்க முடியாது. மனிதர் முன்னால் சிறுநீர் கழிப்பது ஆபத்து என்று மட்டும் கற்று, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். பினாயில் ஊற்றினால் மனிதருக்கு வாசம் மறையும், நாய்க்கு மறையாது; வினிகர் கலந்த நீரில் துடைப்பது மேல். ஆளைக் கண்டதும் உடல் குறுகி இரண்டு சொட்டு விடும் குட்டிகளும் உண்டு. அது பணிவும் அச்சமும் கலந்த செயல். திட்டினால் கூடும், குனியாமல், சத்தமில்லாமல் வரவேற்றால் வளர வளரக் குறையும்.

குட்டி கையைக் கடிப்பது இயல்பே. அதன் 28 பால் பற்களும் நான்காம் மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் முளைக்கும், ஈறு நமநமக்கும். பல் தோலில் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, அரை நிமிடம் முகம் திருப்பிக்கொண்டு, பிறகு கடிக்க ஒரு பொம்மையைத் தர வேண்டும். சிறு இனங்களில் பால் பல் விழாமல் நிலைப் பல்லோடு சேர்ந்து நிற்பதுண்டு. மருத்துவர் பார்க்க வேண்டும்.

வளர்ந்த சிறு நாய்களின் கடிக்கு ஒரு பொதுவான காரணம், கேட்காமல் தூக்குவது. தூங்கும்போதும் தின்னும்போதும் மேலிருந்து திடீரென ஒரு கை வந்து அவற்றைக் காற்றில் உயர்த்திவிடுகிறது. உறுமுவது நாயின் எச்சரிக்கை. உறுமலுக்கு அடி விழுந்தால் எச்சரிக்கையை விட்டுவிட்டு நேராகக் கடிக்கும். "தூக்கவா" என்று சொல்லி, மார்பின் கீழ் ஒரு கையும் பின்புறத்தில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும். வேறு நாயைக் கண்டு குரைக்கும்போதெல்லாம் தூக்கிக்கொள்வதும் தவறு. குரைத்தால் மடி கிடைக்கும் என்று அது கற்கும்.

நடக்கப் பழக்கும்போது கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் பாதுகாப்பானது. பொமரேனியன், சிவாவா இனங்களில் மூச்சுக்குழாய் வலுவற்றது. கழுத்தில் கயிறு இழுபட்டால் இருமல் வரும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களை வெயிலேறும் முன்பே வெளியே கூட்டிச் சென்று திரும்பிவிட வேண்டும். தனிமையையும் சிறுகச் சிறுகவே பழக்க முடியும்: முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு அரை மணி, போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் இல்லாமல்.

நாயைப் புரட்டிப்போட்டு அழுத்தி "நான்தான் தலைவன்" என்று காட்ட வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றி வருகிறது. அதன் வேர், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்து வைத்துக் கவனித்த பழைய ஆய்வுகள். அவற்றிலிருந்து எழுந்த "தலைவன் ஓநாய்" என்ற கருத்தை 1970-ல் தம் நூலில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று 1999-ல் தாமே திருத்தி எழுதினார். 2 கிலோ குட்டியை அழுத்துவதால் எலும்பு முறியலாம். நம்பிக்கை நிச்சயம் முறியும்.

இறுதியாக ஒன்றை எந்த வீடும் மறக்கக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன் விளையாட்டாக அது கடித்தோ கீறியோ தோல் கிழிந்தால், "குட்டிதானே" என்று விட்டுவிடாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடிபட்டவருக்கான ரேபிஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.