மலையேறும் டீஸல் வண்டியின் உஷ்ணமானி

லே நகரிலிருந்து கர்துங் லா கணவாய்க்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுடையது. லே 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணவாயின் உச்சி 5,359 மீட்டர் உயரத்தில் உள்ளது. இத்தகைய மலைச்சாலைகளில், வழியோரம் பானெட்டை உயர்த்தி நிறுத்தப்பட்ட ஜீப்பையோ லாரியையோ காண்பது அரிதன்று. உஷ்ணமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் ஓட்டுநர் அஞ்சி வண்டியை நிறுத்துகிறார். உடனே எஞ்சினை அணைக்கிறார். பிறகு ரேடியேட்டரின் மூடியைத் திருகுகிறார். இம்மூன்றனுள் முதலாவது தேவையற்றதாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் தவறு. மூன்றாவதோ கையையும் முகத்தையும் வேகவைத்துவிடக் கூடியது.

களப்பணிக்குச் செல்லும் அலுவலர்கள் டீஸல் வண்டியையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஆதலின் எந்த உஷ்ணநிலை இயல்பானது, எது ஆபத்தானது என்பதை அறிந்திருத்தல் நன்று. இங்கே தரப்படும் உஷ்ணநிலைகள் யாவும் சென்டிகிரேட் அளவையில் உள்ளன.

ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதை முதலில் கணக்கிடுவோம். சுமையுடன் இரண்டரை டன் எடையுள்ள வண்டியை லேயிலிருந்து கணவாய் உச்சிக்கு உயர்த்துவதற்குச் சுமார் 45 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு கிலோகிராம் டீஸல் எரிந்தால் கிட்டத்தட்ட இதே அளவு வெப்பம் பிறக்கும். ஆனால் எஞ்சின் அவ்வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது. ஆகவே, உயர்த்துவதற்கு மட்டும் 3 கிலோகிராம் எண்ணெய் எரியும். சக்கரங்களின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் இதில் சேரவில்லை. எஞ்சிய வெப்பத்தில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மொத்தத்தில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குளிர்ப்பு நீரைச் சேர்கிறது. பணிமனைகளில் இதனைக் ‘கூலண்ட்’ என்பர். இது சுமார் 40 மெகாஜூல் என்று கொள்ளலாம். பனிபோல் குளிர்ந்த நீர் 100 லிட்டரைக் கொதிக்கவைக்க இவ்வெப்பம் போதும். வண்டியில் உள்ள நீரோ 10 லிட்டர் அளவுதான். அந்நீரே எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாது சுழன்று, அவ்வளவு வெப்பத்தையும் காற்றில் கொட்டவேண்டியிருக்கிறது. முள் சற்று உயர்வதில் வியப்பென்ன?

நீர் செல்லும் வழியில் தெர்மாஸ்டாட் என்னும் தானியங்கிக் கதவு உண்டு. பெரும்பாலான டீஸல் எஞ்சின்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியை ஒட்டி முழுவதும் திறக்கிறது. சமவெளியில் 85 முதல் 95 டிகிரி வரை இயல்பு. பாரமேற்றிக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறும்போது 100 டிகிரியோ, சிறிது நேரத்திற்கு 105 டிகிரியோ காட்டினாலும் பல வண்டிகளில் அது கோளாறன்று. வண்டியுடன் வந்த கையேடு வேறு வரம்பு கூறினால் அதுவே முடிவானது. ஏறிய முள் ஓரிடத்தில் நிலைக்கிறதா, உச்சி கடந்தபின் இறங்குகிறதா என்பதே கவனிக்கத்தக்கது. சாலை தணிந்தபின்னும் ஏறிக்கொண்டேயிருக்கும் முள்தான் நோயின் அறிகுறி.

இங்கே ஆசிரியர்களுக்கு ஓர் ஐயம் தோன்றும். லேயில் திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 88 டிகிரியில் கொதித்துவிடுகிறது; கர்துங் லா உச்சியில் 82 டிகிரியிலேயே கொதிக்கும். அங்ஙனமாயின் 100 டிகிரியில் வண்டியின் நீர் எவ்வாறு கொதியாமல் இருக்கிறது? விடை அந்த மூடியில் இருக்கிறது. சில வண்டிகளில் அது ரேடியேட்டரின் மேலும், வேறு சிலவற்றில் உபரிநீர்த் தொட்டியின் மேலும் அமைந்திருக்கும். சமையலறைப் பிரஷர் குக்கரின் தத்துவமே இதிலும் உள்ளது. உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறித்த அளவு மிகும் வரை மூடியின் வில் திறவாது. அவ்வளவு 0.9 பார் எனக் கொள்வோம். கடல்மட்டத்தில் உள்ளிருக்கும் வெறும் நீர் 119 டிகிரி வரை கொதியாது. லேயில் 112 வரையிலும், கணவாயில் ஏறக்குறைய 110 வரையிலும் கொதியாது. கிளைக்கால் கலந்த நீருக்கு இவ்வரம்பு இன்னும் சில டிகிரி உயரும்.

மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. கணவாய் உச்சியில், தெர்மாஸ்டாட் திறக்கத் தொடங்கும் உஷ்ணநிலையிலேயே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். சமவெளியில் ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி ஓடிய வண்டி மலையில் கொதிப்பதற்குப் பலவேளை இச்சிறு வளையமே காரணம். பம்பையும் ரேடியேட்டரையும் மாற்றிப் பொருள் விரயம் செய்வதற்கு முன்னர் மூடியைச் சோதிப்பது அறிவுடைமை.

நன்னிலையில் உள்ள மூடியைச் சூடாக இருக்கும்போது திறந்தால் நிகழ்வதையும் கணக்கிடலாம். உச்சியில் 100 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் நீரின் அழுத்தம் திடீரென நீங்கினால், அந்நீரில் சுமார் மூன்று சதவீதம் கணத்தில் ஆவியாகும். அம்மெல்லிய காற்றில் அது ஏறத்தாழ ஒரு கன மீட்டர் நீராவியாக விரியும். கொதிநீரையும் உடன் வாரி வீசும். ஆதலின் குழாய்களைக் கையால் தொட்டுத் தாங்கும் அளவுக்கு எஞ்சின் ஆறும் வரை மூடியைத் தொடலாகாது.

உயரத்தில் வேறொரு இடரும் உண்டு. லேயின் காற்று கடல்மட்டக் காற்றின் அடர்த்தியில் 70 சதவீதமே உடையது. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அதனால் செலுத்தப்படும் காற்றின் எடை குறைவு. காற்று குளிர்ந்திருப்பது இக்குறையை ஒருவாறு ஈடுசெய்கிறது. ஆயினும் சேறும் தூசியும் அடைத்த ரேடியேட்டருக்கு அங்கே மன்னிப்பில்லை.

முள் உயரும்போது தாழ்ந்த கியருக்கு மாறி, ஆக்ஸிலரேட்டர் அழுத்தத்தைத் தளர்த்துக. எஞ்சின் சற்று விரைந்து சுழல்வதால் பம்பும் விசிறியும் விரைந்து பணியாற்றும். நிறுத்தவே நேர்ந்தால் எஞ்சினைச் சில நிமிடங்கள் வெறுமே ஓடவிடவேண்டும். உடனே அணைத்தால் நீரோட்டம் நின்று, சிலிண்டர் தலையின் இரும்பில் தேங்கிய வெப்பம் அங்குள்ள நீரைக் கொதிக்கச் செய்யும். நீர் வெளியே ஒழுகினாலோ, முள் சிவப்புக் கோட்டை எட்டினாலோ மட்டும் இவ்விதி பொருந்தாது. அப்போது தாமதமின்றி அணைத்தல் வேண்டும்.

நீர் முழுதும் வடிந்த எஞ்சினில் உஷ்ணமானியை நம்புதல் கூடாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நீரில் மூழ்கியிருக்கவேண்டிய உணர்கருவி வெறுங்காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் தாழ்ந்தே காட்டக்கூடும். சூடு மிகுந்திருந்த முள் காரணமின்றிச் சட்டென வீழ்வது நற்செய்தியன்று.

தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ந்தோடும் என்னும் நம்பிக்கை பல பட்டறைகளில் வேரூன்றியுள்ளது. சில அமைப்புகளில் அக்கதவே குறுக்குவழியையும் அடைக்கிறது. அதை நீக்கினால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். இறக்கங்களிலும் குளிர்காலையிலும் வேறொரு தீங்கு நேரும். மிகக் குளிர்ந்த டீஸல் எஞ்சினில் எண்ணெய் முற்றும் எரிவதில்லை. எரிபொருளிலுள்ள கந்தகத்தால் பிறக்கும் அமிலம் சிலிண்டர்ச் சுவரில் படிந்து அதனை அரிக்கிறது. அதிகச் சூடு எஞ்சினை ஒரே நாளில் கெடுக்கும். குறைந்த சூடு ஆண்டுகள் கடந்து கெடுக்கும்.

கோடையில் குறைந்த நீருக்கு ஈடாக வழியோர ஓடை நீரை ஊற்றிக்கொண்டே வருவோர் குளிர்காலத்தை நினைப்பதில்லை. எதிலீன் கிளைக்காலும் நீரும் சமபாகமாகக் கலந்த கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நீர் மிகுந்து கிளைக்கால் கால் பங்காகக் குறைந்தால், ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். லேயில் ஜனவரி இரவுகள் இதனினும் குளிர்ந்தவை.