புதியது வாங்க முன் பழையதைத் திறந்து பாருங்கள்

எனது கடையில் ஒரு திங்க்பேட் எக்ஸ்201 டெப்லட் கணனி இருக்கிறது. 2010இல் வெளிவந்த மொடல். திரையைத் திருப்பி மடித்துப் பேனையால் எழுதலாம். ஸ்டொக் எண்ணுவதற்கு மிக வசதி. ஆனால், காலையில் அதனைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் திறந்திருக்காது. பாக்கி எவ்வளவு என்று கேட்டு வாடிக்கையாளர் நிற்பார்; கணக்கு வராது. புதிதாக ஒன்று வாங்கத் தீர்மானித்தேன்.

கணனி திருத்தும் தம்பி பார்த்துவிட்டு, "நானா, மெஷினில் பிழையில்லை. ஹாட் டிஸ்க்தான் களைத்துப் போச்சு" என்றார்.

ஹாட் டிஸ்க் என்பது நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு. ஒவ்வொரு தகவலுக்கும் அதன் முனை இடம்தேடி நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எல்லாம் சிப்களில் இருக்கும். ஏணி வைத்து மேல்தட்டில் சாமான் தேடுவதற்கும், மேசையிலிருந்தே எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பணம் கொடுக்க முன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஐபேட், அன்ட்ரொயிட் டெப்லட்களில் இதனைச் செய்ய முடியாது. அவற்றின் சிப்கள் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. மடிக்கணனி வகை டெப்லட்களில் பெரும்பாலும் முடியும்.

இரண்டாவது, இணைப்பு சாட்டா வகையா, அதற்கு முந்திய ஐ.டி.ஈ. வகையா என்று கேளுங்கள். அளவும் பொருந்த வேண்டும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீற்றர் தடிப்பென்றால், 7 மில்லிமீற்றர் எஸ்.எஸ்.டி.க்கு இடைவெளி நிரப்பும் பட்டை தேவைப்படலாம்.

மூன்றாவது, அதிவிலை கொடுக்காதீர்கள். பழைய கணனியின் இணைப்பு தாங்கும் வேகத்திற்கு மேல் எந்த எஸ்.எஸ்.டி.யும் ஓடாது. சாதாரண சாட்டா ரகமே போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் கணக்குகளைப் பிரதி எடுங்கள். பல வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் பிரதி எடுக்காமல் கணனியைத் திருத்தக் கொடுத்தேன். வெறுமையாகத் திரும்பி வந்தது. கடன் விபரம் அத்தனையும் போனது. பில் கட்டுகளைப் புரட்டி இரண்டு மாதம் உட்கார்ந்தேன். நேர்மையானவர்கள் தாமாகவே வந்து தந்தார்கள். மற்றவர்களிடம் எதைக் காட்டிக் கேட்பது?

ஆகவே இம்முறை பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் பிரதி செய்வித்தேன். பழையதை எறியவில்லை, வெளிப்பெட்டியில் போட்டு வாராந்தம் கணக்குகளைப் பிரதி எடுக்கிறேன். எஸ்.எஸ்.டி. பழுதானால் பெரும்பாலும் சத்தமில்லாமல் திடீரென்றே நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது தேநீர் ஊற்ற முன்னரே கணனி திறந்துவிடுகிறது. ஆனால், பற்றரியும் புரொசசரும் பழையவைதான். விண்டோஸ் 10இற்கான வழமையான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 இதற்கு உத்தியோகபூர்வமாகப் பொருந்தாது. எனவே வங்கி வேலைகளுக்கு இதனைப் பாவிப்பதில்லை. ஸ்டொக்குக்கும் கடன் கணக்குக்கும் இதுவே தாராளம்.