வரைபடத்தில் ஒரு புள்ளி: தூய்மைப் பணியாளரின் தரவை யார் படிக்கிறார்கள்?

சண்டிகர் மாநகராட்சி 2020ஆம் ஆண்டில் தன் தூய்மைப் பணியாளர்களின் கைகளில் ஜிபிஎஸ் கடிகாரங்களைக் கட்டியது. அருகிலுள்ள ஹரியானாவின் பஞ்ச்குலாவிலும் மகாராஷ்டிரத்தின் நாக்பூரிலும் இதே போன்ற கடிகாரங்கள் புழக்கத்துக்கு வந்தன. ‘மனிதத் திறன் கண்காணிப்பு அமைப்பு’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. கண்காணிக்கப்படுவது தெருவின் தூய்மை அன்று, மனிதரின் திறன் என்பதைப் பெயரே ஒப்புக்கொள்கிறது.

கடிகாரம் செயல்படும் முறை எளியது. செயற்கைக்கோள் சைகைகளைக் கொண்டு அது தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, சிம் அட்டை வழியாக மாநகராட்சியின் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். அங்குள்ள திரையில் ஒவ்வொரு பணியாளரும் ஒரு புள்ளி. ஒதுக்கப்பட்ட பகுதியின் எல்லை முன்பே வரையப்பட்டிருக்கும். புள்ளி எல்லையைத் தாண்டினாலோ வேலை நேரத்தில் வராமலிருந்தாலோ அது பதிவாகும். கேமராவும் ஒலிவாங்கியும் கடிகாரத்தில் உண்டு. கழிப்பறைக்குள் செல்லவே அஞ்சுவதாகப் பெண் பணியாளர்கள் செய்தியாளர்களிடம் கூறினர். மின்னேற்றம் செய்வதற்காக அதை வீட்டுக்கும் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கடிகாரம் பழுதானால் கூலி போகும் என்ற அச்சம் வேறு. சண்டிகர் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள்.

கணினி அறிவியலில் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசர், 1991ஆம் ஆண்டில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரை, ‘எங்கும் நிறைந்த கணிமை’ என்ற கருத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. கணினி மேசையை விட்டு இறங்கி, சுவரிலும் சட்டையிலும் கதவிலும் கலந்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்பது அவரது கனவு. அதே கட்டுரையில் அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: மனிதர்களை உணரும் கணினிகள் எங்கும் இணைந்துவிட்டால், அதுவரை உலகம் கண்ட சர்வாதிகாரம் அதன் முன் ஒன்றுமில்லாததாகிவிடக்கூடும்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் ஆய்வாளர்கள் ஓர் அடையாள வில்லையை அணிந்தனர். 15 விநாடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்புச் சைகை அனுப்பும். அணிந்தவர் இருக்கும் அறைக்கே தொலைபேசி அழைப்பைத் திருப்பிவிடலாம். வேண்டாமென்றால் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடலாம், சைகை நின்றுவிடும். தொழில்நுட்ப அளவில் கடிகாரத்துக்கும் அந்த வில்லைக்கும் பெரிய தூரமில்லை. சண்டிகரின் பெருக்குமாறு பிடித்த கைக்கு அந்த இழுப்பறை இல்லை என்பதே வேறுபாடு.

தரவு தானாகப் பேசுவதில்லை. ஒரு புள்ளி இருபது நிமிடம் நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். குப்பை வண்டிக்காகக் காத்திருந்தாரா, அடைப்பை நீக்கிக்கொண்டிருந்தாரா, மாதவிடாய் நாளில் கழிப்பறை தேடி அலைந்து களைத்து அமர்ந்தாரா? திரைக்கு இவை தெரியாது. ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரே பொருளைத் திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் அதற்குக் கொடுக்கிறார். காலங்காலமாக இந்தப் பணியாளர்களை நோக்கிச் சொல்லப்பட்டுவந்த சோம்பேறி என்ற வசைக்கு இப்போது அட்டவணை வடிவம் கிடைத்துவிட்டது. போலி வருகைப்பதிவைத் தடுக்கவே கடிகாரம் என்கிறார்கள். போலிப் பெயர்கள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பெயர்களில் வரும் கூலி பெருக்குபவரின் மடியில் விழுவதில்லை. ஒப்பந்ததாரரின் கையில் ஏன் கடிகாரம் இல்லை?

இந்தப் பணியில் இருப்பவர்கள் யார் என்பதை அரசின் கணக்கே சொல்கிறது. நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழிப் பணியாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

எது அளக்கப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மலக்குழியில் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடை அளக்கும் சிறு கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன, சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளலாம். நச்சு கூடினால் ஒலி எழுப்பும். பணியாளர் எத்தனை நிமிடம் நின்றார் என்று கணக்கெடுக்கும் அரசுக்கு, அவர் எதைச் சுவாசித்தார் என்பது தரவாகத் தோன்றவில்லை. 1993 முதல் மலக்குழிகளில் இறந்தோரின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. ஆனால் 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளுவதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில் பதிலளித்தது. மலக்குழி மரணங்கள் வேறு தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்தன. தலைப்பை மாற்றினால் மரணம் எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடுகிறது.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகத் தரவைக் கையாள ஒப்புதல் தேவையில்லை என்கிறது. 11ஆம் பிரிவோ, தன் தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒப்புதல் அளித்தவருக்கே தருகிறது. ஒப்புதல் கேட்கப்படாத தொழிலாளி, தன் கடிகாரம் தன்னைப் பற்றி என்ன சொன்னது என்று கேட்கவும் வழியில்லாமல் போகிறார்.

இருப்பினும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கக்கூடிய, எவருடைய தனிப்பட்ட விவரமும் அல்லாத கேள்விகள் பல உள்ளன. கடிகார ஒப்பந்தத்தின் நகல், மாத வாடகை, தரவு எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது, அதன் அடிப்படையில் எத்தனை பேருக்கு எவ்வளவு கூலி பிடிக்கப்பட்டது, அதே ஆண்டில் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் எவ்வளவு செலவிடப்பட்டது. இக்கேள்விகளைத் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் தத்தம் மாநகராட்சியிடம் இன்றே எழுதிக் கேட்கலாம்.