ஆன்டெனாவுக்குக் கீழே

ஹாம் ரேடியோ தேர்வு எழுதி, லைசென்ஸும் கால்சைனும் கைக்கு வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆன்டெனா வாங்கலாம் என்பதுதான். டீ வரும்வரை அதைப் பேசிக்கொண்டிருக்கலாம். வந்த பிறகு பேச வேண்டிய சங்கதி வேறு. இரண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, வீட்டு மாடியில் நிற்க வைக்கிற செங்குத்து ஆன்டெனாக்களில் எதை வாங்கினாலும் பெரிய மோசமில்லை. பணத்தையும் கவலையையும் செலவழிக்க வேண்டிய இடம் அதற்குக் கீழே இருக்கிறது: கேபிள், கம்பம், எர்த்.

ஏன் செங்குத்து? தூர்தர்ஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு நின்ற ஆன்டெனாவின் குச்சிகள் படுத்த வாக்கில் இருக்கும், ஒரே திசையைப் பார்க்கும். கடலோர ஊர்க்காரர்கள் கிரிக்கெட்டுக்காக அதை இலங்கை ரூபவாஹினி பக்கம் திருப்பி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். நமக்குத் திருப்புகிற வேலை வேண்டாம், நாலு பக்கமும் கேட்க வேண்டும். அதோடு கையில் பிடிக்கும் செட், கார் மேல் நிற்கும் கம்பி எல்லாமே நட்டக்குத்தலாகத்தான் நிற்கின்றன. எதிராளி நிற்க, நம் ஆன்டெனா படுத்திருந்தால், நேர்ப்பார்வையில் இருக்கும்போதுகூடச் சிக்னல் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடலாம்.

கடையில் வெள்ளை ஃபைபர் குழாயாக விற்பதை வாங்கலாம். 'கெயின்' இத்தனை டி.பி. என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது சக்தியைப் புதிதாக உண்டாக்குவதில்லை. சப்பாத்தி மாவை உருட்டித் தேய்த்தால் மாவு கூடுவதில்லை, பரப்புதான் கூடுகிறது. அதேபோல் வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போவதை அமுக்கி அடிவானத்துப் பக்கம் பரப்பிவிடுகிறது, அவ்வளவே.

ஆனால் முதல் ஆன்டெனாவைக் கையாலேயே செய்து பாருங்கள் என்பேன். 71.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் வரும். 145க்கு 49 சென்டிமீட்டர். பித்தளை வெல்டிங் ராடில் அந்த அளவுக்கு ஒரு துண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். அதைவிடச் சற்று நீளமாக, 51 அல்லது 52 சென்டிமீட்டரில், நான்கு துண்டுகள் கீழே. எஸ்.ஓ. 239 சாக்கெட்டின் நடு முனையில் நிற்பதைச் சால்டர் செய்து, அதன் நான்கு மூலைத் துளைகளில் மற்ற நான்கையும் போல்ட் போட்டு முடுக்குங்கள். இவற்றை மட்டமாக விட்டால் ஆன்டெனாவின் தடை கேபிளின் 50 ஓமைவிட வெகுவாகக் குறைந்துவிடும். 45 பாகை கீழே சாய்த்தால் கிட்டத்தட்ட 50க்கு வந்துவிடும். பழைய வீட்டுக் குடைபோல் இருக்கிறதே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி உயரம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகத் தெரியும். 9 மீட்டருக்கு 12.4 கிலோமீட்டர். 16 மீட்டருக்கு ஏற்றினால் 16½. படாத பாடுபட்டு ஏழு மீட்டர் உயர்த்தியும் கூடுவது நாலு சொச்சம்தான். (எதிர்முனையின் அடிவானத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளலாம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காடு போன்ற மலையில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் அதன் பங்கு மட்டுமே 160 கிலோமீட்டர் வரும். ரிப்பீட்டர்கள் மலையைத் தேடிப் போவது அதனால்தான்.) ஆகவே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மட்டைக்கும் மேலே தலை தெரிந்தால் போதும், அதற்கு மேல் வீம்புக்கு ஏற்ற வேண்டாம்.

வீம்புக்கு விலை உண்டு. உயர உயர கேபிளும் நீள்கிறது. சன்னமான ஆர்.ஜி. 58 கேபிள் இந்த அலைவரிசையில் 20 மீட்டருக்குச் சுமார் 4 டி.பி.யைத் தின்றுவிடும். செட்டிலிருந்து 25 வாட் கிளம்பினால் மேலே போய்ச் சேர்வது 10 வாட். பாக்கி 15 வாட் கேபிளிலேயே சூடாகப் போகிறது. அதே நீளத்துக்குத் தடிமனான ஆர்.ஜி. 213 போட்டால் 16 வாட்டுக்கு மேல் போகும். வருகிற சிக்னலுக்கும் இதே வரிதான். 50 வாட் செட் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் கேபிளை மாற்றிவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

இதில் ஒரு கள்ளத்தனமும் இருக்கிறது. ஆன்டெனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைச் செட்டுக்குப் பக்கத்தில் வைப்போம். அது, போன சக்தியையும் திரும்பி வந்த சக்தியையும் ஒப்பிட்டு ஓர் எண் சொல்லும். 1.5 என்றால் திரும்புவது நூற்றுக்கு நாலு. 3 என்றால் இருபத்தைந்து. இப்போது மேலே ஆன்டெனாவில் ஏதோ கோளாறு, அங்கே உண்மையில் 3 என்று வைத்துக்கொள்வோம். ஆர்.ஜி. 58இல் 20 மீட்டர் மேலே போகும்போது 4 டி.பி. போகிறது. திரும்புகிற சக்தி இறங்கி வரும்போது மறுபடி 4 டி.பி. போகிறது. கீழே மீட்டருக்கு வந்து சேர்வது சொற்பம். மீட்டர் 1.5 என்று காட்டும், நீங்களும் ஆன்டெனா அருமை என்று நினைத்துக்கொள்வீர்கள். முதல் அளவை மாடியிலேயே, ஆன்டெனாவின் காலடியில் ஒரு முழக் கேபிளோடு எடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். உள்ளங்கை அளவு நானோ வி.என்.ஏ. கருவி ஒன்று இருந்தால் இந்த வேலை சுலபம்.

அடுத்த எதிரி தண்ணீர். கனெக்டருக்குள் மழைநீர் கசிந்தால், கேபிளின் பின்னல் கம்பி வழியாக ஊறி நெடுந்தூரம் போய்விடும். சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் ஒரு கோடைக்குள் பசை உருகிப் பிரிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் வேண்டுமானால் கறுப்பு டேப் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் ஓட்டுக்கூரை மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு உள்ளே விடுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப். நாட்டுவதற்காகத் தளத்தைத் துளைக்காதீர்கள். தட்டோடு பதித்த மாடியில் ஒரு துளை போட்டால் ஐப்பசியில் கீழ் அறையில் வாளி வைக்க வேண்டியிருக்கும். மாடிப்படி அறையின் வெளிச்சுவரில், ஒன்றுக்கொன்று மூன்றடியாவது தள்ளி இரண்டு கிளாம்ப் அடித்துப் பைப்பைப் பிடித்துவிடலாம். சுவருக்கு மேல் பைப் நெடிதாக நீண்டால் மூன்று பக்கமும் ஸ்டே கம்பி வேண்டும். அதைக் கைப்பிடிச் சுவரில் கட்டுவதுதான் வழக்கம், நாலரை அங்குலச் செங்கல் சுவரில் கட்டுவது தப்பான வழக்கம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. செல்போன் படுத்துவிட்ட அப்படியொரு நாளில்தான் ஹாம் நிலையத்துக்கே வேலை வரும். அன்றைக்குக் காற்று இழுக்கிற இழுப்பைத் தாங்குகிற இடம் தூணோ கான்கிரீட் பெல்ட்டோதான்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஈ.பி. லைன். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், நுனி ஆன்டெனா உட்பட, மின்கம்பிக்குப் பக்கத்தில்கூடப் போகக்கூடாது. ஜி.ஐ. பைப் இருபதடி நீளத்தில் வருகிறது. அதை நிமிர்த்தும்போது ஒருவர் கை தவறினால் என்ன ஆகும் என்று தரையில் நின்றே கணக்குப் போட்டுவிடுங்கள். தனியாக இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கம்பத்தின் அடியிலிருந்து தாமிரப் பட்டை ஒன்று எர்த் குழிக்குப் போக வேண்டும். அந்த எர்த்தும் வீட்டு மின் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னலின்போது இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் எகிறும், அந்த நடுவில் உட்கார்ந்திருப்பது உங்கள் செட். கேபிள் உள்ளே வரும் இடத்தில் ஒரு அரெஸ்டர் பொருத்துங்கள். நேரடி இடியை இவை எதுவும் நிறுத்தாது. கோடை மழைக்கு மேகம் கருக்கும்போதே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதுதான் பழைய ஆட்களின் பழக்கம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பைப் வாங்குவதற்கு முன்பே அசோசியேஷன் செயலாளரிடம் லைசென்ஸைக் காட்டிவிட வேண்டும். செல்போன் டவர் வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் எடுபடாது.

எல்லாம் முடிந்தபின், 144.5, 145, 145.5 ஆகிய மூன்று இடங்களில் செட்டுப் பக்கத்தில் மீட்டர் காட்டும் எண்களை ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவையுங்கள். மழைக்காலம் கழிந்ததும் அதே மூன்று இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் மாடிக்குப் போய் இணைப்புகளைப் பாருங்கள். ஒன்றுமே செய்யாமல் எண்கள் இறங்கி நல்லதாகியிருந்தால், சந்தோஷப்படாமல் மேல் கனெக்டரைப் பிரியுங்கள்; கேபிள் அதிகம் தின்றாலும் மீட்டர் இப்படித்தான் ஏமாற்றும். உள்ளே பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தால் கேபிள் தண்ணீர் குடித்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான்.