தொட்டிக்குள் ஓர் ஆற்றோட்டம்

புதுக்கோட்டை மாவட்டச் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதான ஓவியத்தில், தாமரைக் குளத்துப் பூக்களுக்கு நடுவே மீன்கள் நீந்துகின்றன. அருகிலுள்ள அன்னவாசல் இன்றும் கண்மாய்ப் பூமிதான். இங்கே கண்ணாடித் தொட்டியில் ஆற்று மீன் வளர்க்க விரும்புபவர், ஓட்டம் மீனுக்கு என்ன தருகிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

அது தருவது ஆக்சிஜன். 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் கூடக் கூட மீனுக்கு மூச்சும் அதிகம் தேவை. நீர்ப்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால், மீன் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனைக் காற்று உடனுக்குடன் ஈடுகட்டும்.

பாறையை ஒட்டி ஓடும் நீர் உராய்வால் வேகம் குறைகிறது. அந்த மெல்லிய அடுக்கில்தான் மலையாற்றுக் கெளுத்திகள் பிழைக்கின்றன. பவானி ஆற்று மீனாக 1873இல் பிரான்சிஸ் டே விவரித்த கிளிப்டோதோராக்ஸ் மதராஸ்படானஸ், மார்பிலுள்ள தோல் மடிப்புகளால் கல்லைப் பற்றிக்கொள்ளும். அருகிவரும் இனம் அது. புதுக்கோட்டை வெயிலும் அதற்கு ஆகாது. நமக்கு ஏற்றது, கண்மாயிலும் ஆற்றிலும் கிடைக்கும், உடலில் நீளக் கோடுகள் கொண்ட சிறு கெளுத்தி. மிதமான ஓட்டமே அதற்குப் போதும்.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் கொள்ளும். மணிக்கு 2,500 லிட்டர் தள்ளும் பம்ப் அதைப் பத்து முறை சுழற்றிவிடும். பம்பை ஒரு முனையில், நீர்ப்பரப்பு அலையும்படி சற்று மேல்நோக்கிப் பொருத்துங்கள். உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம். அடியில் நைஸ் மணல் போடுங்கள். கூர்மையான ஜல்லி மீசையைத் தேய்த்துவிடும். பெரிய கூழாங்கற்களை அடுக்கினால் அவற்றின் பின்னால் ஓட்டம் தணிந்த இடங்கள் உருவாகும். பகலில் கெளுத்தி அங்கேதான் பதுங்கும். இரவில்தான் இரை தேடும் என்பதால், விளக்கை அணைத்த பிறகு அடியில் அமிழும் தீனி போடுங்கள். வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களையும் அது விட்டுவைக்காது.

இடம் மாற்றும்போது வலை வேண்டாம். முள் சிக்கிக்கொள்ளும், கையில் குத்தினால் கடுக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு மொண்டெடுங்கள். கெளுத்திக்குச் செதில் இல்லாததால் மருந்து, உப்பு எதுவானாலும் அளவில் கவனம் வேண்டும்.

கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால், ஆவியாதலால் சூடு ஓரளவு தணியும். மின்சாரம் நின்றால் ஓட்டமும் நிற்கும். எனவே தொட்டி வாங்கும்போதே பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.