மணல் பழகிய பாதமும் மூன்றாவது வாரமும்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் மாம்புரியை நெருங்கினால் எங்கே பார்த்தாலும் மணல்தான். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய நிலம். வெங்காயமும் மிளகாயும் விளைவது மணலில், காற்றாலைகள் நிற்பது மணலில், கரைவலைக்காரர்கள் குதிகாலைப் புதைத்துப் பின்னோக்கி நகர்ந்து வலை இழுப்பதும் மணலில். இங்கே பிறக்கும் பிள்ளையின் கால் நடை பழகிய நாள்முதல் இந்த மண்ணோடு பழகியது. அந்தப் பிள்ளை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறது, சில வாரங்கள் மூச்சு முட்ட ஓடுகிறது, தெரிவானால் வலயமட்டப் போட்டிக்காக இறுகிய கிரவல் மைதானத்தில் இறங்குகிறது. கால் வலிக்கத் தொடங்கினால் இரண்டு விதமான தீர்ப்பு வரும். வெறுங்காலில் ஓடியதால் வந்தது என்பார் ஒருவர். பழக்கமில்லாத சப்பாத்தைப் போட்டதால் வந்தது என்பார் மற்றவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாதக் காயங்களுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. நேற்றுவரை ஒரு விதமாக உழைத்த பாதத்தை இன்று வேறு விதமாக உழைக்கச் சொல்லும் அந்த அவசரமே குற்றவாளி.

இதை விளங்கிக்கொள்ளப் பாதத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்துக்கும் 52. வளர்ந்த மனித உடலின் 206 எலும்புகளில் கால்வாசி கணுக்காலுக்குக் கீழேயே கிடக்கிறது. ஒரே கட்டையாக இருந்திருந்தால் உடைவதற்கு இடம் குறைவாக இருந்திருக்கும், ஆனால் மேடு பள்ளத்துக்கு வளைந்துகொடுக்க முடிந்திருக்காது. தரையைத் தொடும்போது பாதம் தளர்ந்து விரிய வேண்டும். அடுத்த கணமே உடலை முன்னே தள்ள நெம்புகோல்போல் இறுக வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே உறுப்பு எப்படிச் செய்கிறது? நாற்காலியில் இருந்தபடி பாதத்தைத் தரையில் வைத்துப் பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்காலின் வளைவு தானாக உயரும். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த பட்டை, கப்பியில் சுற்றிய கயிறுபோல் இழுபட்டு எலும்புகளை நெருக்குகிறது. இந்தப் பொறிமுறையை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். நீளவாக்கு வளைவுதான் எல்லாம் என்று அதன்பின் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2020இல் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் அவருடைய கூட்டாளிகளும் குறுக்குவாக்கு வளைவைக் கணக்கில் எடுத்தார்கள். ஒரு தாளின் நுனியைப் பிடித்தால் அது தொங்கும், அதையே குறுக்கே சற்று வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் குறுக்கு வளைவிலிருந்து வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

சரி, மணல் இந்தப் பாதத்தை என்ன செய்கிறது? 1998இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி செலவாகிறது. ஓடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காலடியில் மணல் விலகிக்கொண்டே இருப்பதால் விரல்களை மடக்கும் சிறு தசைகளும் கெண்டைக்காலும் ஓயாமல் வேலை செய்கின்றன. அதனால் மாம்புரிப் பிள்ளையின் கெண்டைக்கால் உரம் ஏறியது, மூச்சு நீண்டது. ஆனால் குதிகால் தரையில் மோதும் அடியை மணல் தானே வாங்கிக்கொள்கிறது. ஆகவே தசைக்கும் நுரையீரலுக்கும் கிடைத்த பயிற்சி எலும்புக்கு அதே அளவில் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. உடல் ஓடத் தயார், எலும்பு இன்னும் தயாரில்லை என்ற இந்த இடைவெளிதான் ஆபத்து. அலை நனைத்த ஓரம் இறுக்கமாக இருக்கிறதே என்று அங்கே ஓடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கரை கடல்பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றுகிறது, ஒரு பாதம் உட்பக்கமும் மற்றது வெளிப்பக்கமும் சாய்கிறது. போன தூரம் அவ்வளவையும் அதே கரையால் திரும்பி ஓடினால் சுமை இரண்டு காலுக்கும் பங்காகும்.

எலும்பு ஏன் தயாராகவில்லை என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அது உயிருள்ள திசு. புதிய சுமை விழுந்தால் தன்னைத் திருத்திக் கட்டும். ஆனால் கட்டுவதற்கு முன் இடிக்கும். பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வந்து சில வாரங்களில் தங்கள் வேலையை முடிக்கின்றன. புதிதாகக் கட்டும் செல்களுக்கோ மாதக்கணக்கு வேண்டும். அதனால் பயிற்சி தொடங்கி மூன்று, நான்கு வாரம் ஆகும்போது எலும்பு முன்பிருந்ததைவிடவும் நொய்ந்து நிற்கக்கூடும். அதே மூன்றாவது வாரத்தில்தான் தசை பழகி, மூச்சு சீராகி, பிள்ளை முதல்முறையாகத் தன்னை வீரனாக உணர்கிறது. பயிற்றுநரும் நேரம் குறைவதைக் கண்டு மகிழ்ந்து இன்னும் நாலு சுற்றுக் கூட்டுகிறார். 1855இலேயே பிரஷ்ய இராணுவ வைத்தியர் பிரைத்தாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது விரல்களுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் எலும்புகளில், பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும், விழும் மயிரிழை முறிவு என்று தெரிந்தது.

நம் பாட்டன் பூட்டன் எல்லாம் வெறுங்காலில்தானே திரிந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்ற கேள்வி நியாயமானது. அதற்குச் சாதகமான சான்றும் உண்டு. 1992இல் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் இந்தியாவில் 4 முதல் 13 வயதுவரையான 2300 பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்தார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டும். மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடமே அது அதிகம். ஆக, சிறுவயதில் வெறுங்கால் பாதத்தின் வளைவுக்கு நல்லது என்பதை ஏற்கலாம். ஆனால் அந்தப் பாட்டன்மார் ஐந்து வாரத்தில் ஓட்டக்காரராக மாறவில்லை. பத்து வருடத்தில் நடந்து பழகியதே அவர்களுக்குக் கவசமாக இருந்தது. 1960இல் ரோமில் வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1964இல் டோக்கியோவில் அவரே சப்பாத்தோடு ஓடி மறுபடியும் தங்கம் வென்றதைப் பலர் சொல்வதில்லை. இரண்டு முறையும் அவரைச் சுமந்தது பல வருடப் பயிற்சியில் இறுகிய எலும்பு. அது போக, மீன்முள்ளும் கண்ணாடித் துண்டும் கொக்கிப்புழுவும் உள்ள மண்ணில் வெறுங்காலைப் புனிதமாக்குவதும் சரியல்ல. துருப்பிடித்த தூண்டில்முள் குத்தினால் ஏற்பு ஊசி போட்டே ஆக வேண்டும்.

அப்படியென்றால் நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஆய்வொன்று இதே கேள்வியை எதிர்த்திசையிலிருந்து சோதித்தது. சப்பாத்தில் ஓடிப் பழகிய 36 பேரில் 19 பேரை, வெறுங்காலை ஒத்த மெல்லிய காலணிக்குப் பத்து வாரத்தில் படிப்படியாக மாற்றினார்கள். அவர்களில் 10 பேரின் பாத எலும்புகளுக்குள் நீர்க்கோர்வை எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. முறிவுக்கு முந்திய எச்சரிக்கை அது. பழைய சப்பாத்திலேயே ஓடியவர்களிடம் அது மிக அரிது. பழகிய ஓட்டக்காரருக்கே பத்து வாரம் போதவில்லை என்றால், மணலில் ஓடிய பிள்ளையின் காலில் போட்டிக்கு முந்திய கிழமை ஆணிச் சப்பாத்தை மாட்டி ஓடவிடுவது எவ்வளவு பெரிய சூதாட்டம்! சப்பாத்து வேண்டும்தான். ஆனால் அது முதல் வாரத்திலேயே காலுக்கு வர வேண்டும், பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட வேண்டும். விரல்கள் உள்ளே விரிய இடம் இல்லாத சப்பாத்து இரவல் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. கணுக்கால் புரண்டாலும், நடுப்பாதம் பிசகினாலும், எலும்பில் விரிசல் விழுந்தாலும் நாம் சொல்வது ஒரே சொல்: சுளுக்கு. பாதம் உட்பக்கம் மடிந்து கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் கிழிவதுதான் உதைபந்தாட்டத்தில் அடிக்கடி நேர்வது. அதற்குக் கட்டும் ஓய்வும் பின்னர் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியும் போதும். ஆனால் சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பின் அடி முறிந்தாலும் வலி கிட்டத்தட்ட அதே பக்கத்தில்தான் வரும். 1902இல் பிரித்தானிய வைத்தியர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடும்போது தன் காலிலேயே கண்டு எழுதிய முறிவு அது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, அதனால் லேசில் ஒட்டாது. நடுப்பாதத்து மூட்டுகள் விலகுவது அதைவிட மோசம். உள்ளங்காலில் நீலம் பாரித்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். எண்ணெய் போட்டு உருவி விடுகிறவர்களின் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ பேருக்கு அது ஆறுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் உருவுவதற்கு முன் முறிவு இல்லை என்று தெரிய வேண்டாமா? கனடாவின் ஒட்டாவா வைத்தியர்கள் 1992இல் வகுத்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நாலு அடி ஊன்றி நடக்க முடிகிறதா? கணுக்காலின் இரு புற எலும்புகளின் பின்விளிம்பிலோ, சுண்டுவிரல் பக்கத்து நீண்ட எலும்பின் அடியிலோ, உட்பக்க வளைவின் உச்சியிலுள்ள எலும்பிலோ தொட்டால் வலிக்கிறதா? நடக்க முடியாவிட்டால், அல்லது அந்த இடங்களில் ஒன்று வலித்தால், முதலில் எக்ஸ்ரே. உருவுவதெல்லாம் பிறகு.

முதலாம் தவணைக்குள் போட்டி வைத்தாக வேண்டும், எலும்பு தயாராகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரத்துக்கு எங்கே போவது என்று விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் கேட்பார்கள். அவர்களுடைய நெருக்கடி உண்மையானது. திகதியை மாற்ற அவர்களால் முடியாது. ஆனால் விடுமுறையிலேயே பிள்ளைகளை வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடம் இறுகிய தரையில் மெல்ல ஓடவும் கயிறு அடிக்கவும் வைக்கலாம், செலவில்லை. தவணை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தூரத்தைக் கூட்டாமல் பாதியாக்கலாம், வேகம் குறையாது. எட்டு வயதுக்கும் பதினாலுக்கும் இடையில் குதிகாலின் பின்புறம் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதிருக்கலாம். அங்கே எலும்பு இன்னும் வளர்கிறது, குதிநாண் அதை இழுக்கிறது. சில கிழமை ஓட்டத்தைக் குறைத்தால் அது தானே ஆறும். பயிற்சி முடிந்ததும் மைதான ஓரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, பாதத்தின் மேற்புறத்தை ஒவ்வொரு நீண்ட எலும்பாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் முழுக்கப் பரவிய அசதி என்றால் நாளைக்கும் வரலாம். ஒரு நாணய அளவு இடம் மட்டும் சுருக்கென்று வலித்தால், மறுநாள் அந்தப் பிள்ளைக்கு ஓட்டமில்லை.