தங்கை வாக்கப்பட்ட காற்று ஊர்

என் தங்கையைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. ஏரியும் நெல் வயலுமான உத்திரமேரூரில் பிறந்த எங்களுக்குக் கடல் என்றால் மாமல்லபுரம்தான். அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனது.

முதல் தடவை ஆடிச் சீர் எடுத்துக்கொண்டு போனோம். செங்கல்பட்டில் ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தூத்துக்குடி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே புடவைத் தலைப்பு முகத்தில் அடித்தது. கண்ணெல்லாம் மண். அன்று மாடியில் காயப்போட்ட என் புதுப் புடவை, பின் தெரு முருங்கை மரத்தில் கிடந்தது! பக்கத்து வீட்டு அம்மா, "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், உன் சேலை எம்மாத்திரம்மா" என்று சிரித்தார்.

தங்கை வீட்டுக்காரர்தான் விவரம் சொன்னார். "மைனி, இந்தக் காத்து மேக்கே மலையில மழையைக் கொட்டிட்டு, கணவாய் வழியா வெறுங்கையோட வருது" என்றார். அதே காற்றுக்குக் குற்றாலத்தில் சாரல், இங்கே புழுதி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இதில்தான். கடலுக்குப் போகிறவர்கள் கச்சான் என்கிறார்கள். நாம் திட்டுகிற இந்தக் காற்றும் வெயிலும் இருந்தால்தான் பாத்தியில் உப்பு விளையும். உப்பளத்தில் வாருவது, சுமப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். அந்த வெள்ளை வெயிலில் அவர்கள் நிற்பதைப் பார்த்த பிறகு, கல் உப்பைக் கீழே சிந்தினால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னொரு முறை கோடை லீவில் போனோம். பகலெல்லாம் கசகசவென்று பிசுபிசுப்பு. சாயங்காலம் கடல் காற்று வந்தால்தான் உயிர் வரும். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவித்த புதுத் துறைமுகத்தின் கப்பல்களைத் தூரத்திலிருந்து பார்த்தோம். திரும்பும்போது மக்ரூன் வாங்கினோம். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தானே என்று வீட்டில் செய்து பார்த்தேன். தோசையாக வந்தது!

2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் பக்கம் அடித்தபோது, "அக்கா, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடு, இங்க மழையே இல்ல" என்று தங்கை போன் செய்தாள். இரண்டே வாரம். 17, 18 தேதிகளில் அங்கே கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். குளங்கள் உடைந்து ஊருக்குள் தண்ணீர். ரயில் இல்லை, போன் போகவில்லை. அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை, டி.வி.யை அணைக்கவும் விடவில்லை. நான்காம் நாள் யாருடைய போனிலிருந்தோ அவள் குரல்: "மாடியில இருக்கோம்க்கா. தையல் மிஷின் மட்டும் போச்சு."

மட்டும் என்றாளே தவிர, தையில் போய்ப் பார்த்தபோது சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. பீரோ கதவு உப்பிப் போயிருந்தது. குவித்து வைத்த உப்பும் பல இடங்களில் கரைந்துவிட்டதாம். ஆனால் வெளியே என்ன அருமையான காற்று! வேர்வை இல்லை, புழுதி இல்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் நனைந்த துணிகளையும் ஆல்பத்தையும் உலர்த்தினோம்.

தூத்துக்குடிக்குப் போக நினைக்கும் தோழிகள் தை, மாசியில் போங்கள். ஆடியில்தான் போக வேண்டும் என்றால், துணி க்ளிப் ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர்.